குறும்படத்துக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை செய்வோம், வாருங்கள்

கதையில் ஒரு கடிதமோ பத்திரிகையோ வந்தால் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? ஷூட்டிங்குக்கு முந்தின ராத்திரி கணினியில் தட்டி, ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரிண்ட் எடுத்து, காலையில் நடிகர் கையில் கொடுத்துவிடுகிறோம். எனக்கு இதில் மனசே ஆறுவதில்லை, ஏனென்றால் அந்தக் காகிதம் வசனம் பேசாமல் கதை சொல்லக்கூடிய ஒரு பாத்திரம்.

ஒரு கதையை வைத்தே பார்ப்போம். அம்மா இறந்த பிறகு மகள் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறாள். அடியில் நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு, எல்லாம் 1976ஆம் வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள். மணமகள் பெயர் அம்மாவுடையது. மணமகன் பெயர் அப்பாவுடையது இல்லை. இந்தக் காட்சியில் ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லை, பத்திரிகை சரியாக இருந்தால்.

முதலில் கேள்வி, பிறகுதான் மென்பொருள்

இதை அடித்தது யார்? எந்த ஊர்? வீட்டில் எவ்வளவு வசதி? சாமி கும்பிடுகிறவர்களா? ஒரு சொல் மாறினால் குடும்பமே மாறிவிடும். மேலே பிள்ளையார் சுழி, ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’, ‘சிரஞ்சீவி’, ‘சௌபாக்கியவதி’ என்று போட்டால் அது ஒரு வீடு. ‘திருமண அழைப்பிதழ்’, ‘திருவளர்செல்வன்’, ‘திருவளர்செல்வி’ என்றால் வேறு வீடு. ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’ என்று போட்டு, முகூர்த்தம் எதுவும் இல்லாமல், யார் தலைமையில் நடக்கிறது என்று அச்சடித்திருந்தால், பெண்ணின் அப்பா பெரியாரைப் படித்தவர் என்று பார்க்கிறவருக்குத் தானாகவே புரியும். (சுயமரியாதைத் திருமணத்துக்கு இங்கே சட்ட ஏற்பு கிடைத்தது 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால்தான், ஆகவே 1976க்கு இது பொருந்தும்.) இதை இயக்குநரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நீங்களாக ஊகிக்க வேண்டாம்.

அசலைத் தேடுங்கள்

சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கட்டாயம் ஒன்றிரண்டு கிடைக்கும். கையில் வாங்கியதும் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்துக் கோத்து அடித்த காலத்துப் பத்திரிகை என்றால் எழுத்து காகிதத்தில் லேசாக அழுந்தியிருப்பது தெரியும், மை ஒரு இடத்தில் திட்டாகவும் இன்னொரு இடத்தில் வெளிறியும் இருக்கும். அளவெடுத்து, ஸ்கேன் செய்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாசகம்

1976 ஆவணி என்றால் நள வருஷம். ஆகஸ்ட் 29 என்று தேதி போட்டால் அது ஞாயிற்றுக்கிழமை. கிழமையை ஏனோதானோ என்று போடாதீர்கள், பழைய காலண்டரைப் பார்த்து எழுதுங்கள். முகவரியில் பின்கோடு போடலாமா? அது 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது, ஆகவே 1976இல் போடலாம், ஆனால் கதையை 1970க்குத் தள்ளினால் எடுத்துவிட வேண்டும். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் மறக்காமல் வரட்டும். பெயரை நீங்களே புனைந்துகொள்ளுங்கள், அப்படி உண்மையில் ஒன்று இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு.

எழுத்து வடிவம்

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றை நாம் இன்று எழுதும் வடிவம் தமிழ்நாட்டில் அரசாணையாக வந்தது 1978இல்தான். பெரியார் 1935லேயே தன் குடி அரசு இதழில் இதைத் தொடங்கிவிட்டார் என்றாலும், ஊர் அச்சகங்களின் எழுத்துப் பெட்டிகளில் இருந்தது பழைய அச்சுதான், அதாவது ‘லை’ என்றால் தும்பிக்கை தூக்கியது போல் மேலே சுழி வரும். நம் 1976 பத்திரிகையில் இன்றைய ‘லை’ இருந்தால் வயதான பார்வையாளர் ஒருவருக்கு ஏதோ இடறும், என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும். பழைய வடிவம் உள்ள எழுத்துரு கிடைக்கவில்லை என்றால், ஸ்கேன் செய்த பத்திரிகையிலிருந்து அந்த எழுத்துகளை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து எடுத்து, உங்கள் வாசகத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். ஒரு நாள் வேலை. அப்புறம் சில எழுத்துகளை ஒரு மயிரிழை மேலே கீழே நகர்த்தினால் கையால் கோத்தது போலவே வந்துவிடும்.

அச்சும் பழுப்பும்

ஜெராக்ஸ் தாள் பளீர் வெள்ளை, விளக்கு பட்டால் கேமராவில் வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும். மங்கலான மஞ்சள் சாயல் உள்ள, கொஞ்சம் சொரசொரப்பான தாள் வாங்குங்கள். லேசர் பிரிண்டரில் அடியுங்கள், இங்க்ஜெட் மை பெரும்பாலும் ஈரம் பட்டால் கரைந்துவிடும். பால் சேர்க்காத டீ டிகாக்ஷனை நன்றாக ஆறவைத்து, பஞ்சால் ஓரத்திலிருந்து உள்ளே ஒற்றி, நிழலில் காயவைத்து, மேலே வெறும் தாள் ஒன்றை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். நேரடியாக வைத்தால் டோனர், அதாவது லேசர் பிரிண்டரின் மைத்தூள், உருகி ஒட்டிக்கொள்ளும்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும், ஆனால் இந்தக் கட்டு இத்தனை வருடமும் இருட்டுப் பெட்டியில் கிடந்தது, ஆகவே நிறம் இருக்கட்டும்.

இங்கே ஒரு நிமிடம் யோசியுங்கள். இவை யாருக்கும் கொடுக்காத பத்திரிகைகள். அப்படியானால் உறையில் முகவரி இருக்காது, தாளில் புது மடிப்பு இருக்காது. கட்டு முழுவதும் விறைப்பாகவே இருக்க வேண்டும், ஆனால் மேலே உள்ள ஒன்றை மட்டும் பல நாள் மடித்து விரித்து, மடிப்பு நைந்து, ஓரம் துணி மாதிரி ஆகும்வரை கையிலேயே வைத்திருங்கள். அம்மா அதை அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறாள் என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

கேமராவுக்கு முன்

குளோசப் இரண்டு மூன்று நொடிதான் நிற்கும். அதற்குள் பார்வையாளர் படிக்க வேண்டியது மணமகன் பெயர் ஒன்றுதான், ஆகவே அதைப் பெரிதாக, சுற்றிலும் இடம் விட்டு அமையுங்கள். முன்கூட்டியே ஒளிப்பதிவாளரிடம் கொடுத்து, எடுக்கப்போகிற அதே லென்ஸில், அதே தூரத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நைந்த தாளில் குறைந்தது ஐந்து பிரதி வேண்டும், மகள் அதைக் கிழிக்கிறாள் என்றால் பத்து. எல்லாவற்றிலும் கறையும் மடிப்பும் ஒரே இடத்தில் வர வேண்டும், அதற்காக ஒன்றை முடித்ததும் போட்டோ எடுத்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைச் செய்யுங்கள். பின்பக்கம் பென்சிலில் எண் போடுங்கள். ஒவ்வொரு டேக் முடிந்ததும் தாளை நீங்களே போய் வாங்கி அட்டைக்குள் வையுங்கள், யாராவது அதன் மேல் டீ டம்ளரை வைப்பதற்குள்.