தேங்காய் நிமிர்ந்தது, தண்ணீரும் வந்தது: கேள்வி கேட்கப் பழகுகிறவர்கள் விடும் தவறுகள்

வவுனியாவில் ஓமந்தைப் பக்கம் காணி வாங்கியதும் அத்தான் முதல் வேலையாகத் தேடிப்போனது, தேங்காய் வைத்து நீர் பார்க்கிற ஐயா ஒருவரை. அவர் விடியவே வந்துவிட்டார். உரித்த தேங்காயை, குடுமி முன்னுக்குப் பார்க்க, விரித்த உள்ளங்கையில் படுக்கவைத்தபடி வளவின் மூலையிலிருந்து மெல்ல நடந்தார். வேலியோரம் ஓரிடத்தில் தேங்காய் அசைந்தது, எழும்பியது, நிமிர்ந்து நின்றது. அலவாங்கால் குறி போட்டோம். 28 அடியில் தண்ணீர் வந்தது. அத்தானுக்கு இன்றுவரை அந்த ஐயா கைராசிக்காரர்.

நானும் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம். கண்டது ஒரு கிணறுதான் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அடுத்த வளவுக்காரர் யாரையும் கூப்பிடவில்லை. குசினிக்குக் கிட்ட இருந்தால் வசதி என்று ஓரிடத்தில் வெட்டினார். 26 அடியில் தண்ணீர். வவுனியாப் பக்கம் பெரும்பாலும் அடியில் கருங்கல். அதற்கு மேலே மண்ணும் உக்கிய பாறையுமாக ஒரு படை இருக்கிறது. பெய்கிற மழை அதிலும், கல்லின் வெடிப்புகளிலும்தான் ஊறி நிற்கிறது. அதனால் பல இடங்களில் வெட்டினால் கொஞ்சமாவது ஊறும். எவ்வளவு ஊறும், ஆவணி வெயிலிலும் நிற்குமா என்பதில்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம்.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, 'தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தண்ணீர் வந்ததா?' என்பது மட்டுமில்லை. நிமிராத இடங்களில் எத்தனை கிணறு வெட்டிப் பார்த்தோம்? ஒன்றுகூட இல்லை. அதற்கு யாரிடம் காசு இருக்கிறது? தவறிப்போன கிணறுகளையும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. கல் வந்தால் காணியின் குற்றம், தண்ணீர் வந்தால் தேங்காயின் புண்ணியம்!

நாங்கள் வெட்டாத கிணறுகளை ஜெர்மனிக்காரர் ஒருவகையில் வெட்டிப் பார்த்தார்கள். 1987, 88இல் மியூனிக் அருகே ஒரு கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நீர் பார்ப்பவர்களை நடக்கவிட்டார்கள். சுமார் 500 பேரிலிருந்து தேர்ந்தெடுத்த 43 பேர், 843 தடவை. சோதித்தவர்களே ஒரு சிலரிடம் உண்மையான திறமை இருப்பதாக எழுதினார்கள். பிறகு அதே எண்களை எடுத்துப் பார்த்த என்ரைட் என்ற விஞ்ஞானி, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் இவ்வளவு சரிவரும் என்று காட்டினார். 43 பேரில் நன்றாகச் செய்த சிலரை மட்டும் பொறுக்கினால் எந்த வித்தையும் பலிக்கும். எங்கள் ஊர் மட்டும் விடுகிற பிழையில்லை இது.

இந்த இடத்தில் பெடியள் வழக்கமாக இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள்: 'அப்ப அந்த ஆள் ஏமாத்துக்காரன்!' அவசரப்பட வேண்டாம். 1853இல் இங்கிலாந்தில், ஆவி வந்து மேசையை நகர்த்துகிறது என்று ஊரே பேசியபோது மைக்கல் பரடே என்ற விஞ்ஞானி ஒரு சின்னக் கருவி செய்து பார்த்தார். சுற்றியிருந்தவர்களின் கைகள்தான் மேசையைத் தள்ளின, ஆனால் தள்ளுவது அவர்களுக்கே தெரியாது. உருண்டைத் தேங்காய்க்கு மணிக்கட்டு ஒரு நூல் சரிந்தாலே போதும். ஐயா பொய் சொல்லவில்லை, அவர் கை அவரிடம் சொல்லாமல் வேலை செய்கிறது.

பாம்புக்கடியில் இதே பிழை

கிணறு பிழைத்தால் காசோடு போகும். விசகடியில் அப்படியில்லை.

'எங்கட பரியாரி எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறார் தெரியுமோ' என்று கேட்காத ஊர் வன்னியில் குறைவு. அதுவும் பொய்யில்லை, பிழைத்தவர்கள் கண்முன்னே நடமாடுகிறார்கள். ஆனால் வயலில் கடிக்கிற பாம்பெல்லாம் நாகமும் புடையனும் (கண்ணாடி விரியன்) இல்லை. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்தால் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். விசப்பாம்புகூடச் சில நேரம் விசத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். இவர்கள் எல்லோரும் பரியாரியின் கணக்கில் வரவாக ஏறுகிறார்கள். செத்தவர் வந்து சாட்சி சொல்வதில்லை. அவருக்கு 'விதி முடிஞ்சுது.'

பெரியாஸ்பத்திரியில் நடப்பதைப் பாருங்கள். கடிபட்டவரின் இரத்தத்தைக் கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறைந்தால் ஒன்று, உறையாவிட்டால் இன்னொன்று. உறையாவிட்டால் புடையன் விசம் இரத்தத்தில் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விசமுறிவு மருந்து ஏற்றுவார்கள். எது நடந்தால் என்ன பொருள் என்பதைக் குழாயை எடுக்கும் முன்பே முடிவு செய்துவிட்டார்கள் பாருங்கள், அதுதான் சோதனை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூரும், ஏமாற்ற முடியாத நிபந்தனைகளுக்குள் அற்புதம் செய்துகாட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அறிவித்தபோது அந்த முறையைத்தான் பிடித்தார். 1978இல் அவர் காலமாகும்வரை அந்தக் காசை யாரும் வென்றெடுக்கவில்லை.

விசமுறிவு மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரக்கூடியது. அதனால் அறிகுறி இல்லாதவரை வெறுமனே படுக்கவைத்துக் கவனிப்பார்கள். நோயாளி வீட்டுக்கு வந்து, 'ஆஸ்பத்திரியில ஒண்டும் செய்யேல்ல, பரியாரியெண்டாலும் ஏதோ அரைச்சுப் போட்டவர்' என்பார். ஏதோ செய்தார்கள் என்பதும் அது பலித்தது என்பதும் ஒன்றாகிவிடுகிறது. (கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து அம்புலன்சுக்கு, 1990க்கு எடுங்கள். மிச்ச விவாதத்தை வாட்டில் இருந்து செய்யலாம்.)

சொன்னது யார் என்று பார்ப்பது

இதில் என் வெட்கக்கேடும் உண்டு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த நாட்களில், 'இரணைமடு உடைஞ்சிட்டுது' என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. அனுப்பியவர் நல்ல மனிதர், படித்தவர். நானும் ஐந்தாறு பேருக்குத் தட்டிவிட்டேன். உண்மையில் திறந்தது இரணைமடுக் குளத்தின் வான்கதவு, மிஞ்சிய தண்ணீரை வெளியே விடுகிற கதவு. 'வான் திறந்தாச்சு' என்பது நாலு கைமாறினால் 'கட்டு உடைஞ்சுது' என்று ஆகிவிடும். அனுப்பியவர் நல்லவரா என்று பார்த்தேன். குளக்கட்டில் நின்று பார்த்தவர் அவரா என்று கேட்கவில்லை. தெரியாதவர் அனுப்பியிருந்தால் கேட்டிருப்பேன்.

எல்லாவற்றையும் தூக்கி எறிவது

'குளத்துக்கு மேலால நிக்கிற மரத்தை வெட்டாதே, முனி அடிக்கும்' என்று அம்மம்மா சொல்லுவா. முனியைக் கண்டவர் இல்லை. ஆனால் அந்த மரங்கள் காற்றைத் தடுத்துக் குளம் வற்றுவதைக் குறைக்கின்றன, மழையோடு வருகிற மண்ணைக் குளத்துக்குள் இறங்கவிடாமல் பிடிக்கின்றன. காரணம் பிழை, பழக்கம் சரி. முனி இல்லை என்று நிரூபித்த கையோடு மருதமரத்தைத் தறித்தவன் இரண்டாவது பிழையையும் விடுகிறான்.

இன்னொன்று, எங்கே தொடங்குவது என்பது. புதிதாகக் கேள்வி கேட்கத் தொடங்குகிறவர் நேரே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்குத்தான் போவார்: வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிவது எப்படி? அந்த விளக்கு யாருடைய காசையும் பறிப்பதில்லை, யாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறிப்பதுமில்லை. அம்மாவோடு வருசக்கணக்காகக் கோபித்துக்கொள்ள அது ஒரு காரணமா? காசும் உயிரும் போகிற நம்பிக்கைகள் வேண்டிய அளவு வரிசையில் நிற்கின்றன.

அப்புறம், கேட்கிற முறை. கிணறு வெட்டிய அன்று நான் எல்லோர் முன்னாலும் அந்த ஐயாவிடம், 'உங்கட கண்ணைக் கட்டிவிட்டு இன்னொருக்கா நடப்பீங்களோ?' என்று கேட்டேன். கேள்வி சரிதான். ஆனால் அவர் முகம் கறுத்தது, அத்தான் முறைத்தார், கதை அதோடு முடிந்தது. ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பணிவாகக் கேட்டேன்: 'ஐயா, தண்ணி இல்லாத இடமாப் பாத்து ஒண்டு காட்டுவீங்களோ?'

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். 'அதைக் காட்டினா எனக்கு ஆர் தம்பி காசு தருவினம்?'

தேத்தண்ணி வந்தது. நாற்பது வருசமாகக் கிணறு பார்க்கிறவர். கோடையிலும் பச்சை மாறாத மரம் எது, புற்று எங்கே எழும்பும், பக்கத்துக் கிணறுகளில் எந்த மாதம் எவ்வளவு இறங்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். வளவுக்குள் கால் வைக்கும்போதே இடம் அரைவாசி தெரிந்துவிடுமாம். 'அப்ப தேங்காய் எதுக்கு ஐயா?' என்றேன்.

'வெறுங்கையோட போனா நம்பமாட்டினம்' என்றார்.