முதியவருக்குத் திடீரெனப் பார்வை போனால்: காரணத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுபதைத் தாண்டிய ஒருவர் "காலையிலிருந்து ஒரு கண் தெரியலை" என்று சொன்னதும் வீட்டில் வரும் பதில், "புரை முத்திடுச்சு போல, அடுத்த முகாமுக்குப் போகலாம்" என்பதுதான். பெரிய தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. கண்புரை மாதக்கணக்கில் மெல்ல மறைக்கும், ஒரே நாளில் பார்வையைப் பறிக்காது. எப்போதோ குறைந்துபோன பார்வையை, நல்ல கண்ணைத் தற்செயலாக மூடியபோது இன்றுதான் கவனித்தார் என்பதும் உண்டு. கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், திடீரென்று போனதாகவே வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

"வலது கண் தெரியலை" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் விரலைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். அப்புறம் மற்ற கண். இரண்டு கண்ணிலுமே வலப்பக்கம் மறைகிறதென்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் இடப்பக்கத்தில். பெரும்பாலும் அது பக்கவாதம். ஒரு நிமிடச் சோதனை இது, ஆனாலும் பலர் செய்வதில்லை.

மருத்துவமனையில் நடக்கும் தவறு ஒன்று: கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கரிய துளையை) சோதிக்கும் முன்பே அதை விரிக்கும் சொட்டு மருந்தைப் போட்டுவிடுவது. டார்ச் ஒளியைக் கண்ணுக்குக் கண் மாற்றிக் காட்டும்போது, பாதித்த கண்ணின் பாப்பா சுருங்காமல் விரிந்தால் பார்வை நரம்பிலோ விழித்திரையின் பெரும்பகுதியிலோ பாதிப்பு என்று பொருள். புரை மட்டும் இருந்தால் இப்படி ஆகாது. சொட்டு போட்ட பின் இந்தத் தடயம் கிடைக்காது.

வலி இல்லையே, நாளைக்குப் பார்க்கலாம் என்ற நினைப்பும் ஆபத்தானது. விழித்திரையின் தமனி அடைத்துக்கொண்டால் துளியும் வலிக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விழித்திரை செத்துவிடும். இதைக் கண்ணுக்கு வந்த பக்கவாதமாகத்தான் பார்க்க வேண்டும். கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ வந்த அடைப்பு, அடுத்து மூளைக்கும் போகலாம். ஆகவே பக்கவாத சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கே உடனே போக வேண்டும். தகுந்தவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். சில நிமிடம் இருண்டுவிட்டுப் பார்வை திரும்பிவிட்டாலும் இதே அவசரம்தான்.

தலைவலி, வாந்தி என்று வருபவருக்கு கேஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. கண் சிவந்து, பாப்பா பாதி விரிந்து அசையாமல் நின்றால் அது கண் அழுத்தம் சட்டென ஏறிய கிளாக்கோமா. சர்க்கரை நோயாளிக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தால், பின்னால் விழித்திரை விலகியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும்.

மிக அதிகமாகத் தவறவிடப்படுவது ஜெயன்ட் செல் ஆர்டரைட்டிஸ் என்ற ரத்தக்குழாய் அழற்சி. 50 வயதுக்கு மேல் வருவது. நம்மவர்களிடம் அரிது என்பதாலேயே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நோயாளி தானாகச் சொல்லவும் மாட்டார், கண்ணுக்கும் தாடைக்கும் என்ன தொடர்பென்று அவருக்குத் தெரியாதே. நாம்தான் கேட்க வேண்டும்: "தலை சீவும்போது மண்டை வலிக்குதா பாட்டி? சப்பாத்தி மென்னுக்கிட்டே இருந்தா தாடை வலிச்சு, நிறுத்தினா சரியாகுதா? பொட்டுல புதுசா வலி இருக்கா? உடம்பு இளைச்சிருக்கா?" உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டையும் அன்றே பார்க்க வேண்டும். இ.எஸ்.ஆர். இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

சந்தேகம் வலுவாக இருந்தால், பொட்டுத் தமனியில் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பயாப்ஸியின் முடிவு வரட்டும் என்று, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து தொடங்கிச் சில நாள் கழித்து எடுத்தாலும் பயாப்ஸியில் நோய் தெரியும். போன பார்வை திரும்புவது அரிது. மருந்து கொடுப்பது முக்கியமாக அடுத்த கண்ணுக்காக, அது சில நாட்களிலேயே போய்விடலாம். சுகர் ஏறிவிடும் என்று பயந்து ஸ்டீராய்டை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. சுகர் ஏறத்தான் செய்யும், அதை இன்சுலின் வைத்துச் சமாளிக்கலாம்.