இங்கிலாந்து வயலில் பழைய நாணயம் தேடுவது எப்படி?

முதல் வேலை நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்குவது. எழுத்தில் வாங்குங்கள், கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். லண்டனில் தேம்ஸ் கரையில் தேடவும் தனி பெர்மிட் வேண்டும்.

சரி, வயல் கிடைத்துவிட்டது. உழுது, மழை பெய்து, மண்கட்டி கரைந்து தரை படிந்த பிறகு போங்கள், அப்போதுதான் காயிலை, அதாவது டிடெக்டரின் அடியில் இருக்கும் தட்டை, மண்ணை ஒட்டிக் கொண்டுபோக முடியும். நிறையப் பேர் இடமும் வலமுமாக வீசும்போது வீச்சின் இரண்டு முனையிலும் காயிலைத் தூக்கிவிடுகிறார்கள், அங்கே ஆழத்தில் கிடப்பது தப்பிவிடும். மெதுவாக, முந்தைய வீச்சின் மேல் பாதி படியும்படி வீசுங்கள்.

ஃபாயிலும் கேன் மூடி வளையமும் தொல்லை என்று டிடெக்டரில் அந்த சிக்னல்களை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள்! தங்க மோதிரத்துக்கும் பல சமயம் டிடெக்டர் திரை அதே எண்ணைத்தான் காட்டும். இடைக்காலத்தில் சில்லறைக்காக வெள்ளிப் பென்னியைப் பின்பக்கச் சிலுவைக் கோட்டோடு பாதியாகவும் காலாகவும் வெட்டிப் புழங்கினார்கள், சுண்டுவிரல் நகம் அளவுள்ள அந்தக் கால் துண்டு ஃபாயில் மாதிரியே லேசாகத்தான் கத்தும். சந்தேகமா, தோண்டிப் பாருங்கள். புல்வெளியாக இருந்தால் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, மூடி போலத் திருப்பி, எடுத்ததும் பழையபடி அமுக்கிவிடுங்கள். கிடைத்த காசைத் தேய்க்கவே கூடாது, ஒட்டியிருக்கும் மணலே அதைக் கீறிவிடும்.

ஒரே இடத்தில் காசுக்கு மேல் காசாக வந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். கை துடிக்கும், இருந்தாலும் நிறுத்துங்கள். 1992இல் சஃபோக்கிலுள்ள ஹாக்ஸனில் எரிக் லாஸ் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானியர் காலப் புதையலைக் கண்டார், கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்தித் தகவல் சொல்லிவிட்டார். அதனால்தான் தொல்லியலாளர்களால் ஒவ்வொரு பொருளும் கிடந்த இடத்தைக் குறிக்க முடிந்தது, மக்கிப்போன மரப்பெட்டிக்குள் எல்லாம் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுகூடத் தெரியவந்தது. கிட்டத்தட்ட 15,000 காசுகள்! அவசரமாக அள்ளியிருந்தால் அந்த விவரமெல்லாம் போயிருக்கும்.

அப்புறம் சட்டம். 1996 புதையல் சட்டப்படி, 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே அது புதையல்தான், 14 நாளுக்குள் கரோனருக்கு, அதாவது புதையலை விசாரிக்கும் அதிகாரிக்கு, தெரிவிக்க வேண்டும். தனியாக ஒரு செம்புக்காசுதான் கிடைத்தது என்றால் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனாலும் எடுத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, உங்கள் பகுதிக்கான கண்டெடுப்புப் பதிவு அலுவலரிடம் காட்டிப் பதிந்துவிடுங்கள்.