ஒரு லப்டொப், இரண்டு இயங்குதளம்: வாங்கும் நாளிலேயே தொடங்கும் தவறுகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மாதத்தில் ஒரு லப்டொப்பாவது வந்து குந்திவிடும். சொந்தக்காரப் பிள்ளைகள், மேல்மாடிக்காரர், அவர்களுடைய கூட்டாளிகள் என்று ஆட்கள் மாறுவார்கள், முறைப்பாடு மாறாது: "லினக்ஸ் போட்டனான், இப்ப வின்டோஸ் வருதில்லை." பழி எப்போதும், வின்டோஸுக்குப் பக்கத்தில் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மேல்தான் விழும். நான் பார்த்த அளவில் லினக்ஸ் செய்த குழப்பம் குறைவு. கடையில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, வின்டோஸில் அணைக்காமல் விட்ட ஒரு சுவிட்ச், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

என் மருமகனின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பஸ் கிடைத்த சந்தோஷத்தில் அக்கா புது லப்டொப் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நாளே அவன் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பயோஸுக்குள் (வின்டோஸுக்கு முன்னால் வரும் மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) போய் 'செக்யூர் பூட்'டை, அதாவது மெஷின் எழும்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் காவலை, அணைத்தான். திரும்ப மெஷினைப் போட்டால் நீலத் திரை. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நின்றது. அப்படி ஒரு சாவி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். வின்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புது மெஷினில் மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்ளே போனால், டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டு, சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். ஹோம் பதிப்பிலும் இப்படித்தான். இந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் சாவி லப்டொப்பில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லிடம் இருக்கிறது. செக்யூர் பூட்டில் கைவைத்தால் 'யாரோ மெஷினை நோண்டுகிறார்கள்' என்று எடுத்துக்கொண்டு அது சாவியைக் கொடுக்காது. அப்போது நாம்தான் அந்த 48 இலக்கத்தை அடிக்க வேண்டும். அதன் பிரதி எந்த மைக்ரோசொப்ட் கணக்கால் முதலில் உள்ளே போனோமோ அந்தக் கணக்கில் இருக்கும்.

மருமகனுடைய லப்டொப்பில் முதலில் உள்ளே போனது யார் தெரியுமா? கடைத் தம்பி. "எல்லாம் செட் பண்ணித் தாறன்" என்று தன் மின்னஞ்சலைப் போட்டிருக்கிறார். நல்ல மனதோடு செய்த உதவிதான். கடைக்குத் திரும்பிப் போய், அவர் தன் கணக்கில் தேடி இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்க, இவன் எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். அந்தத் தம்பி அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தால் டிஸ்கில் இருந்ததை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே பெட்டியைக் கடையில் திறந்து பாருங்கள், திரையையும் விசைகளையும் சரிபாருங்கள், ஆனால் முதல் கணக்கை வீட்டுக்கு வந்து நீங்களே போடுங்கள். அன்றைக்கே அந்தச் சாவியைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த லப்டொப்புக்குள்ளேயே சேமிப்பது, திறப்பை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவது மாதிரி. இரண்டு இயங்குதளம் வைக்கும் எண்ணம் உறுதியானால் வின்டோஸ் அமைப்புகளில் இந்தக் குறியாக்கத்தை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். டிஸ்க் முழுவதையும் அவிழ்த்து முடிக்க நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். லப்டொப் களவு போனால் உள்ளே இருப்பதை யாரும் வாசிக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று: அவன் செக்யூர் பூட்டை அணைத்திருக்கவே தேவையில்லை. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் அது இயங்கும்போதே நன்றாக ஏறும். "முதலில் செக்யூர் பூட்டை அணை" என்பது பழைய காலத்து அறிவுரை, இன்னும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. என்விடியா கிராபிக்ஸ் இருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. அதன் ட்ரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) போடும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும், அடுத்த தடவை மெஷின் எழும்பும்போது நீலத் திரையில் அதையே கேட்கும். பலர் பயந்து அதைத் தாண்டிப் போய்விட்டு, ட்ரைவர் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருவார்கள்.

கடைக்கே திரும்பிப் போவோம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி விலை கேட்பவர்கள் பெரும்பாலும் ப்ரொசஸரையும் விலையையும் மட்டும்தான் ஒப்பிடுகிறார்கள். இரண்டு இயங்குதளம் வேண்டுமென்றால் கேட்க வேண்டியவை வேறு. ரேம் போர்டில் ஒட்டியதா, கழற்றிப் போடக்கூடியதா? இரண்டாவது எஸ்எஸ்டி டிஸ்குக்கு இடம் இருக்கிறதா? இருந்தால் என் பார்வையில் அதுதான் மிகச் சிறந்த வழி. ஒன்றில் வின்டோஸ், மற்றதில் லினக்ஸ், ஒரே டிஸ்கைப் பங்கு பிரிக்கும் சண்டையே இல்லை. ஒரே டிஸ்க் என்றால் 512 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள், லினக்ஸுக்கு 100 ஜிபியாவது ஒதுக்குங்கள்.

மலிவாக இருக்கிறதே என்று 'டொஸ்' லப்டொப் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அதில் வின்டோஸ் உரிமம் இல்லை. கடையில் "வின்டோஸ் போட்டுத் தாறம்" என்றால் அது எந்த வின்டோஸ் என்று கேளுங்கள். உரிமத்தோடு வந்த மெஷினில் அதன் இலக்கம் போர்டிலேயே பதிந்திருக்கும், பின்னொரு நாள் அதே பதிப்பைத் துடைத்துப் போட்டாலும் இணையத்தோடு இணைந்ததும் தானாகச் செயற்படும். அதன் மேல் உரிமத்தை உடைத்த களவான ப்ரோ பதிப்பைப் போட்டுக்கொள்வது, கையில் இருக்கும் நல்ல காசைக் கொடுத்துக் கள்ளக் காசு வாங்குவது போன்றது.

ப்ரொசஸர் விடயத்தில் ஒரு பொறி உண்டு. 2024-இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் லப்டொப்புகள் பட்டரியில் கெட்டிக்காரர்கள், ஆனால் லினக்ஸுக்கு இன்னும் வசதியான வீடு அல்ல. மெக்புக் வாங்கி வின்டோஸும் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2020-இல் எம்1 சில் வந்ததோடு, மெக்கில் வின்டோஸைப் போட உதவிய பூட் கேம்ப் போய்விட்டது. மெக்குக்குள் மெய்நிகர் கணினியாகத்தான் வின்டோஸை ஓட்டலாம். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவரும் லப்டொப்பில் இன்னொரு கேள்வியும் சேரும்: உத்தரவாதம் இலங்கையிலும் செல்லுமா? பில் கிழிந்த பிறகு கேட்பதைவிட விமானம் ஏறுமுன் கேட்பது நல்லது.

முடிந்தால் ஒரு பென் ட்ரைவில் உபுண்டுவை ஏற்றிக்கொண்டு கடைக்கே போங்கள். எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கோப்பு சுமார் 6 ஜிபி வரும், இரவு டேட்டாவில் இறக்கி வையுங்கள். எல்லாக் கடைக்காரரும் விடமாட்டார்கள். விடுகிறவரிடம் வாங்குங்கள்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது, இரண்டு இயங்குதளம் உண்மையிலேயே வேண்டுமா என்பதுதான். நிரல் எழுதிப் பழக மட்டும் லினக்ஸ் தேவை என்றால், வின்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி போதும். 16 ஜிபி ரேம் இருந்தால் சுகமாக ஓடும். மருமகனுக்கும் இதைத்தான் சொன்னேன், கேட்கவில்லை. இருபது வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

போடுவதென்றே முடிவானால், முதலில் முக்கியமான கோப்புகளின் பிரதியை வெளியே ஒரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். பிறகு வின்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் வின்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி நித்திரையில் கிடக்கும். அந்த நேரம் லினக்ஸ் அதன் பகுதியைத் தொட்டால் கோப்புகள் சேதமாகலாம். அதனால்தான் லினக்ஸ் பல தடவை எழுத மறுத்து, வாசிக்க மட்டும் விடுகிறது. வின்டோஸ் பகுதியைச் சுருக்குவதையும் வின்டோஸின் சொந்தக் கருவியாலேயே செய்யுங்கள்.

பட்டரியை நிரப்பி, சாஜரையும் குத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் கரன்ட் போனதாகச் சொன்னார்களே, அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டிஸ்கைப் பிரித்துக்கொண்டிருக்கலாம்.

சில இன்டெல் லப்டொப்புகளில் லினக்ஸை நிறுவும் நிரல் டிஸ்கையே காட்டாது. பயோஸில் சேமிப்பகம் 'ரெய்ட்' அல்லது 'ஆர்எஸ்டி' என்ற முறையில் இருப்பதுதான் காரணம். அதை 'ஏஎச்சிஐ' என்ற முறைக்கு மாற்றச் சொல்வார்கள். நேரே மாற்றினால் வின்டோஸ் நீலத் திரையோடு விழும். முதலில் வின்டோஸை சேஃப் மோடில் (அடிப்படையானவை மட்டும் ஓடும் நிலையில்) எழும்பும்படி அமைத்து, பிறகு பயோஸில் மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் ஏறிவிட்டால் தேவையான ட்ரைவரை அது எடுத்துக்கொள்ளும். அதன்பின் வழமை நிலைக்குத் திருப்பலாம். விழுந்துவிட்டாலும் பதற வேண்டாம், பயோஸில் பழைய முறைக்கே மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். பதற்றத்தில் எல்லாவற்றையும் துடைத்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

நிறுவும்போது 'வின்டோஸுக்குப் பக்கத்தில் போடு', 'டிஸ்கை அழித்துப் போடு' என்று இரண்டு வழிகள் காட்டும். இங்கே அவசரப்பட்டவருக்கு மருந்து கிடையாது.

எல்லாம் முடிந்து சந்தோஷமாக வின்டோஸைத் திறந்தால் மதியம் பன்னிரண்டுக்கு மணிக்கூடு 6.30 காட்டும். பழுதில்லை. லினக்ஸ் வன்பொருள் மணிக்கூட்டில் உலக நேரத்தை வைக்கிறது, வின்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. நம் ஐந்தரை மணித்தியாலம் அங்கேதான் காணாமற் போகிறது. உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸிடம் ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம்.

தமிழில் தட்டுபவர்களுக்கு ஒரு சொல்: வின்டோஸில் ஒரு விசைப்பலகை, லினக்ஸில் இன்னொன்று என்று பழகாதீர்கள், விரல்கள் குழம்பிவிடும். தமிழ் 99 விசைப்பலகை இரண்டிலும் இருக்கிறது. தட்டச்சுப் பொறியில் பழகிய பெரியவர்களுக்கு லினக்ஸில் ரெங்கநாதன் அமைப்பும் கிடைக்கும்.

கடைசியாக, லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றும் நாள். வின்டோஸிலிருந்து அதன் பகுதியை அழித்துவிட்டு மெஷினைத் திரும்பப் போட்டால், கறுப்புத் திரையில் 'க்ரப்' என்ற சொல்லோடு வெறுமனே நிற்கும். எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று தொடக்கத்தில் கேட்கும் லினக்ஸின் நிரல்தான் க்ரப். இரண்டு வீட்டுக்கும் வழி காட்டிக்கொண்டிருந்தவரின் வீட்டை இடித்துவிட்டோம் அல்லவா. அழிக்குமுன் பயோஸின் பூட் வரிசையில் வின்டோஸ் பூட் மனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு தடவை அணைத்துப் போட்டு நேரே வின்டோஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அழியுங்கள்.