தோல் தைக்க மிஷின் வாங்குவது எப்படி? (ஒரு தடவை தப்பாக வாங்கியவன் எழுதியது)

பெரம்பூரில் வீட்டு முன்னறையில் பையும் பெல்ட்டும் தைக்கிறேன். தோல் வாங்குவது பெரியமேட்டில். முதல் மிஷினை, பெட்டியில் 'ஹெவி டியூட்டி' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். ஒரு மி.மீ. தோல் இரண்டு அடுக்கு வரை ஒழுங்காகத் தைத்தது. பையின் வார் சேரும் இடத்தில் அடுக்கு கூடியதும் ஊசி மாட்டிக்கொண்டது. நான் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துத் தைப்பதைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "நீ தைக்கலப்பா, தோலோட மல்லுக்கட்டினு இருக்க" என்றார். அடுத்த மிஷினை அவரைக் கூட்டிப்போய்த்தான் வாங்கினேன்.

முதலில் உங்கள் வேலையை அளந்துகொள்ளுங்கள். பர்ஸின் ஓரத்தை அளந்து பயனில்லை; பையில் எந்த இடம் மிகவும் தடிமனோ அதை அளக்க வேண்டும். 2 மி.மீ. தோல் இரண்டு, நடுவில் பைப்பிங் (ஓரத்தில் வைத்துத் தைக்கும் உருண்டைப் பட்டி) என்றால் 5 மி.மீ. தாண்டிவிடும். அந்த அளவில் துண்டுத் தோலை ஒட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் மெத்தென்ற துண்டில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும்.

அடுத்தது தோலை நகர்த்தும் விதம். நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சாதாரண மிஷினில் கீழே இருக்கும் பல் மட்டும்தான் துணியைத் தள்ளும். மேலே இருக்கும் பாதம் அழுத்திக்கொண்டு சும்மா நிற்கும். துணி வழுக்கிப் போய்விடும். தோல் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ்த் தோல் முன்னே போக, மேல் தோல் பின்தங்கும். வாக்கிங் ஃபுட்டில் மேல் பாதமும் சேர்ந்து நடக்கும். காம்பவுண்ட் ஃபீட் என்பதில் பல், பாதம், ஊசி மூன்றும் ஒன்றாக நகரும். ஊசி தோலுக்குள் இருக்கும்போதே நகர்வதால் அடுக்குகள் பிசகாது. பை தைக்க என் ஓட்டு இதற்குத்தான்.

சோதிப்பது சுலபம். ஒரே நீளத்தில் ஒரு அடி வார் இரண்டு வெட்டி, பசை போடாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கையால் இழுக்காமல் தைத்துப் பாருங்கள். கடைசியில் முனைகள் சேர வேண்டும். என் பழைய மிஷினில் மேல் வார் நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே தோலில் பாதத்தின் பல் தடம் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் வழவழப்பான பாதம் கேட்டு வாங்குங்கள்.

கடையில் வெறுமனே "ஜூக்கி மிஷின்" என்று கேட்காதீர்கள். நம்மூரில் அது துணி தைக்கும் பவர் மிஷினுக்கே பொதுப்பெயராகிவிட்டது. எந்தக் கம்பெனியுடையதானாலும் ஜூக்கிதான். மாடல் எண்ணைச் சொல்லுங்கள். ஜூக்கி டிஎன்யூ-1541 காம்பவுண்ட் ஃபீட், தையல் நீளம் 9 மி.மீ. வரை போகும். தோலுக்கு மூன்றரை, நான்கு வைத்தாலே போதும். பொடித் தையல் போட்டால் தபால் தலை ஓரம் மாதிரிக் கிழியும்.

மேடை வடிவம்: பர்ஸ், பெல்ட், தட்டையான பைகளுக்குத் தட்டை மேடை. குழாய்போல் நீட்டிய கை இருப்பது பையின் வாய், அடி ஓரம் தைக்க. தூண் மாதிரி நிற்பது செருப்பு, ஷூ வேலைக்கு. செருப்பு ரிப்பேருக்கு வைத்திருக்கும் பழைய சிங்கர் 29கே-யில் பாதம் எல்லாத் திசையிலும் சுழலும். ரிப்பேருக்கு ராஜா, புதுப் பையில் நீளத் தையலுக்கு எனக்குப் பிடிக்காது.

மோட்டார் சர்வோதான் (மிதித்தால் மட்டும் ஓடும் வகை), வேறு பேச்சே இல்லை. கிளட்ச் மோட்டார் மிதிக்காவிட்டாலும் ஓடி இரைச்சல் போடும். மெதுவாக ஒரு தையல் வைக்கக் காலுக்குப் பழக்கம் வேண்டும். தோலில் தப்பாக விழுந்த ஓட்டை மூடாது. சர்வோவில் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குத்தாகப் போகலாம்.

பின்சேர்க்கை 1: தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஊசியைப் படம் அனுப்பச் சொன்னேன். இருவரிடமும் டிபி×17 (DP×17) என்ற வகை ஊசி! இது மிஷினில் உட்காரும், நீளமும் சரி, ஆனால் உருண்டை முனை. கேன்வாஸுக்கும் ரெக்ஸினுக்கும் ஆனது. தோலுக்கு வெட்டு முனையுள்ள 135×16 கேளுங்கள். நூல் பாண்டட் நைலான் (புரி பிரியாமல் ஒட்டிய நைலான் நூல்). டெக்ஸ் என்பது நூலின் தடிமன் எண். டெக்ஸ் 70 நூலுக்கு 18-ஆம் நம்பர் ஊசி, டெக்ஸ் 90-க்கு 20, டெக்ஸ் 135-க்கு 22. தடித்த நூலை மெல்லிய ஊசியில் கோத்தால் நூல் பிய்ந்து பஞ்சாகும்.

பின்சேர்க்கை 2: வியாசர்பாடியிலிருந்து ஒருவர், மாடிப்படி குறுகல், எப்படி ஏற்றுவது என்று கேட்டார். தலை (மேலே இருக்கும் தைக்கும் பாகம்) தனி, மேசை தனி, மோட்டார் தனி, கழற்றி ஏற்றலாம். தலையைத் தூக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும். தரைத்தளத்தில் வைப்பவர்களுக்கும் ஒன்று: மோட்டார் மேசைக்கு அடியில் தொங்குவதால் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் தலைக்கு முன்னால் அதுதான் நனையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போல்ட்டைக் கழற்றி மோட்டாரைப் பரண்மேல் ஏற்றினேன். அந்த ஸ்பேனர் இப்போதும் மேசைக் காலிலேயே கட்டித் தொங்குகிறது.