ரிசார்ட் குளங்கள்: மதகைத் தூக்குமுன் வெளியே எட்டிப் பாருங்கள்

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு போகும் வழியில், குளங்களை வெட்டி வாய்க்காலால் கோத்து ரிசார்ட் கட்டுகிறார்கள். தண்ணீர்ப் பொறுப்புக்கு வரும் புதுப் பையன்கள் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பாசி எடுப்பது, குப்பை அள்ளுவதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விடுங்கள்.

உள்மட்டத்தை மட்டும் பார்த்து மதகைத் திறப்பது

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குளம் ஏறும். ஆபீஸிலிருந்து போன் வரும்: "நடைபாதை மூழ்குது, சீக்கிரம் திற!" பையன் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்குவான். வெளியே பக்கிங்காம் கால்வாய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கமாட்டான். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதற்குத்தான்.

இந்தக் கால்வாய் எண்ணூர் கழிமுகத்தோடு சேர்ந்தது. கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும்; ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவில் சுமார் ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் கூடும். பூண்டி ஏரியில் உபரிநீரைத் திறந்துவிட்டிருந்தால் கொசஸ்தலையாறும் அங்கேதான் வந்து முட்டும். அந்த வேளையில் மதகைத் தூக்கினால் தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும்.

ஒரு ரிசார்ட்டில் கார்த்திகை அமாவாசையன்று இதுதான் நடந்தது. கரையில் நின்ற மீனவர், "தம்பி, கடல் ஏறுது, இப்போ தொறக்காத" என்று சொல்லியிருக்கிறார். பையன் மேனேஜர் பேச்சைக் கேட்டான். விடிந்தபோது குளம் ஒரு சாண் உயர்ந்திருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. உப்புத் தண்ணீர் கனம். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், மழைத்தண்ணீர் மேலே நிற்கும். மேலாக மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்ல தண்ணிதான்" என்று விட்டுவிட்டார்கள். இணைப்பு வாய்க்காலில் அடைப்புப் பலகை போட்டிருந்தால் ஒரு குளத்தோடு போயிருக்கும். போடவில்லை, எல்லாக் குளத்துக்கும் பரவியது. தாமரை இலைகளின் ஓரம் பழுத்து அப்பளமாகச் சுருண்டது. மழை விட்டதும் அதே குளத்திலிருந்து புல்வெளிக்குப் பம்பு ஓட்டினார்கள். உறிஞ்சுகுழாய் இருந்தது அடியில்! புல்லும் போச்சு, மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தது. போர் தண்ணீர் விட்டுக் கழுவலாமென்றால், மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரிலேயே கடல் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடைசியில் லாரித் தண்ணீர்தான். பில்லைப் பார்த்த முதலாளி யாரோடும் பேசவில்லை.

மதகின் இரண்டு பக்கமும் அளவுகோல் நடுங்கள். இரண்டுக்கும் பூஜ்யம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே உயரமாக இருந்தால் மட்டும் திறங்கள், கடல் திரும்புமுன் மூடுங்கள். ஒருவழிக் கதவு போட்டிருக்கிறோம் என்று தூங்கிவிடாதீர்கள். ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து சிக்கினால் போதும், கதவு மூடாது.

விளிம்பு தொட நிரப்பி வைப்பது

போட்டோவுக்கு அழகு. ஆனால் மழைக்கு இடம் இருக்காது, புரட்டாசிக்குள் ஓரடியாவது இறக்கிவிடுங்கள்.

கரண்டை நம்பி ஷட்டர் போடுவது

புயல் வந்தால் முதலில் போவது கரண்ட்தான். ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வாய்க்கால்களில் மிதவையால் தானே திறந்து மூடும் கதவுகள் இருக்கின்றன, மின்சாரம் வேண்டாம். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம், கையால் சுற்றும் சக்கரம் ஒன்று இருந்தால் சரி.

நீச்சல் குளத்தையும் இதில் இணைப்பது

வேண்டாம்.

மழைக்காலத்தில் குளத்தை இறைப்பது

அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குளமென்றால் தொடவே தொடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும்போது மேலிருக்கும் பாரத்தை எடுத்தால் விரிப்பு உப்பிக் கிளம்பும், ஒட்டு விட்டுப்போகும். தூர் வார வேண்டுமென்றால் பங்குனி வரை பொறுங்கள்.