கல்முளைக்குள் அடைபட்ட பழைய மழைநீரைப் படிப்பது எப்படி

நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தமிழ் மாணவர்கள் ஆந்திராவின் பேலம் சுண்ணாம்புக்கல் குகைக்குப் போய்த் திரும்பினால், கூரையில் தொங்கும் கல்விழுதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். பழைய காலநிலையை அறிய விரும்புகிறவர் பார்க்க வேண்டியது தரையிலிருந்து எழும் கல்முளையை. அது அடுக்கடுக்காக உயரும்போதே சொட்டுநீரின் நுண்துளிகளைப் படிகங்களுக்கிடையே அடைத்துக்கொள்கிறது.

கல்லைத் தேடுவதற்கு முன் நீரைச் சேகரிக்க வேண்டும். இன்றைய மழைநீரையும் குகையில் சொட்டும் நீரையும், தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்கள் இரண்டும் அடங்குமாறு ஓராண்டாவது, சிறு குப்பிகளில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி வைக்க வேண்டும். நீரின் ஆக்சிஜனில் பெரும்பகுதி இலகுவானது (ஆக்சிஜன்-16), சிறு பங்கு கனமானது (ஆக்சிஜன்-18). சிறிது ஆவியானாலும் கனமானதன் விகிதம் ஏறிவிடும். உரிய அனுமதியின்றிக் கல்முளையைத் தொடக்கூடாது. ஏற்கெனவே உடைந்து கிடப்பதே மேல்.

கல்லை நெடுக்காக அறுத்து மெருகேற்றினால், பால்போல் வெளுத்த அடுக்குகளும் கண்ணாடிபோல் தெளிந்த அடுக்குகளும் தெரியும். வெளுப்புக்குப் பெரும்பாலும் நுண்துளிகளே காரணம். மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து, துளிகள் வளர்ச்சி அடுக்கை ஒட்டி இருக்கின்றனவா, விரிசலை ஒட்டி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விரிசலில் புகுந்த நீர் வேறு காலத்தது. அடுக்கின் வயதை, கல்லிலுள்ள யுரேனியம் சிதைந்து தோரியமாவதை அளக்கும் யுரேனியம்-தோரியம் முறை சொல்லும். அது சுமார் 6 லட்சம் ஆண்டுகள்வரை எட்டும்.

எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீர் இருந்தாலே நல்ல கல்தான். அதாவது ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோலிட்டர், கடுகளவுகூடத் தேறாது. ஆகவே உலர்த்திய துண்டுகளைச் சுமார் 120 டிகிரி சூடுள்ள மூடிய குழாயில் இட்டு, வெளிக்காற்றின் ஈரம் அடங்கிய பிறகே நசுக்க வேண்டும். எழும் ஆவி, ஆக்சிஜனிலும் ஹைட்ரஜனிலும் கனமானதன் விகிதத்தை அளக்கும் லேசர் அளவிக்கு நேராகப் போகும்.

கல்முளையின் கனிமமான கால்சைட்டின் ஆக்சிஜன் விகிதத்தை மட்டும் அளந்தால் வெப்பமும் மழையும் பின்னிக் கிடக்கும். நம் பருவமழைப் பகுதியில் பெருமழையே ஆக்சிஜனை இலகுவாக்கிவிடுகிறது. நீரின் ஆக்சிஜனும் தெரிந்தால் வெப்பம் தனியே பிரியும்: ஒரு டிகிரி ஏறினால் கால்சைட்டுக்கும் நீருக்குமான விகித வேறுபாடு ஆயிரத்துக்குச் சுமார் 0.2 குறையும். நீரளவீட்டில் 0.5 பிழைத்தாலே 2.5 டிகிரி தவறிவிடும் என்பதால், ஹைட்ரஜன் வழியே போவதுதான் எனக்கு நம்பிக்கை. கால்சைட்டில் ஹைட்ரஜன் இல்லை. அடைபட்ட நீர் அதைக் கல்லோடு மாற்றிக்கொள்ள வழியில்லை. 1961இல் அமெரிக்கப் புவிவேதியியலாளர் ஹார்மன் கிரெய்க் மழைநீரின் இரண்டு விகிதங்களையும் இணைத்து வகுத்த மழைநீர்க் கோட்டின்படி, ஆயிரத்துக்கு இவ்வளவு எனச் சொல்லும் ஹைட்ரஜன் மதிப்பு ஆக்சிஜனைப்போல் 8 மடங்கோடு 10 கூடியது. எனவே ஹைட்ரஜனில் வரும் 2 பிழை, ஆக்சிஜனாக மாற்றும்போது 0.25 ஆகச் சுருங்கும். உள்ளூர் மழையின் கோடு இதிலிருந்து விலகினால் உள்ளூர்க் கோட்டையே கொள்ள வேண்டும். ஓராண்டு குப்பி நிரப்பியது அதற்காகத்தான்.